அரசி மத்தில்டா

கணவனை இழந்த அரசியின் கைப்பொருள் எவருக்கு உரியது? பத்தாம் நூற்றாண்டிலே ஜெர்மானிய அரச குடும்பத்தைப் பிளவுபடுத்திய வினா இது.

உயர்குடியிற் பிறந்த மத்தில்டா 909ஆம் ஆண்டில் சாக்சனியைச் சேர்ந்த ஹென்றியை மணந்தார். 919இல் ஹென்றி அரசரானார். 936இல் அவர் மறைந்தபின், அவரை அடக்கஞ்செய்த குவெட்லின்பர்க் குன்றிலே மத்தில்டா பெண்களுக்கென மடமொன்றை நிறுவினார். மாண்டோருக்காக மன்றாடுவதும் உயர்குடிப் பெண்களுக்குக் கல்வி புகட்டுவதும் அம்மடத்தின் பணிகளாயின.

கணவர் தமக்கு உரிமையாக்கிய நிலங்களின் வருவாயை அரசி வறியோர்க்கும் ஆலயங்களுக்கும் வாரி வழங்கினார். அரசின் செல்வம் கரைகின்றதென மைந்தர் ஒட்டோவும் ஹென்றியும் சினந்தனர். அன்னையோ அவ்வுடைமையைத் துறந்து, தந்தைவழி நிலத்திற்கு ஒதுங்கினார். மருமகள் எடித்தின் முயற்சியால் ஒட்டோ அன்னையை மீண்டும் அழைத்துக்கொண்டார் என்று, பின்னெழுந்த அவரது வரலாறு கூறும்.

966இல் அவர் பெயர் கொண்ட பேர்த்தி மடத்தின் தலைவியானார். 968 மார்ச் 14இல் மத்தில்டா மறைந்து, கணவர் அருகே அடக்கமானார். திருச்சபை அவரைப் புனிதராகப் போற்றுகின்றது.

ஒட்டோ 962இல் பேரரசராக முடிசூடினார். அவர் மரபோ 1024இல் அற்றது. அன்னையின் மடம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை நிலைத்தது. மைந்தர் வீண் செலவெனக் கருதிய கொடை, அவர்தம் முடியினும் நெடிது வாழ்ந்தது.