சமூக ஊடகப் பதிவுகளும் நாட்டின் ஆவணக் காப்பகமும்

ஒரு நாட்டின் வரலாற்றை அறிந்துகொள்ள உதவும் சான்றுகளாகக் கல்வெட்டுகள், செப்பேடுகள், ஓலைச்சுவடிகள், நாணயங்கள், அரசாங்கக் கோப்புகள், நூல்கள், இதழ்கள் ஆகியவற்றைக் கூறுவது வழக்கம். கடந்த 20 ஆண்டுகளில் இவ்வரிசையில் புதியதொரு சான்றும் சேர்ந்துள்ளது. கோடிக்கணக்கான மக்கள் முகநூல், ட்விட்டர், யூடியூப் முதலிய சமூக ஊடகங்களில் நாள்தோறும் எழுதியும் பேசியும் வெளியிடும் பதிவுகளே அச்சான்று. இப்பதிவுகளை எதிர்கால ஆராய்ச்சிக்காக ஒரு நாடு தன் பொறுப்பில் நெடுங்காலம் காத்து வைக்க முடியுமா? வைப்பதாயின் எதனை வைப்பது, யார் சொற்படி வைப்பது? இவ்வினாக்கள் இன்று உலகின் பல நாடுகளில் எழுந்துள்ளன. நூலகர்களுக்கு மட்டும் உரியவை என்று இவற்றை நாம் விட்டுவிடுவதற்கில்லை. வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் இளைஞர்கள் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆவணமும் நம் மக்களும்

தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்தில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகளில் பறைச்சேரி, தீண்டாச்சேரி என்னும் சொற்கள் காணப்படுகின்றன. வரி நீக்கப்பட்ட நிலங்களின் கணக்கில் குளங்களோடும் சுடுகாட்டோடும் சேர்த்து அவை எண்ணப்பட்டுள்ளன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சேரி இருந்தது என்பதற்கு அது சான்றாகும். ஆனால் அச்சேரியில் வாழ்ந்தவர்கள் தங்கள் வாழ்வைப் பற்றி என்ன எண்ணினார்கள் என்பதற்கு அங்கே ஓர் எழுத்தும் இல்லை. பிறர் எழுதிய கணக்கில் நாம் ஓர் இனமாக இடம் பெற்றோம், அவ்வளவே.

ஆவணம் ஒன்று அழியாமல் நிலைத்தால் விளையும் பயனுக்கும் நம் வரலாற்றிலேயே எடுத்துக்காட்டு உண்டு. செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த திரமென்ஹீர், அம்மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலை குறித்து ஓர் அறிக்கை எழுதினார். அதனைத் தொடர்ந்து 1892ஆம் ஆண்டில் நம் மக்களுக்கு நிலம் ஒதுக்கும் அரசாணை பிறந்தது. நூறாண்டு கடந்தபின், அந்தப் பஞ்சமி நிலங்களை மீட்கும் போராட்டம் எழுந்தது. 1994ஆம் ஆண்டில் அப்போராட்டத்தில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் துப்பாக்கிச் சூட்டில் உயிர் நீத்தனர். நிலம் நமக்குரியது என்று வாதாடுவதற்கு அன்றும் இன்றும் துணை நிற்பவை அந்தப் பழைய அரசாணையும் நிலப் பதிவேடுகளுமே. அவை அரசு அலுவலகத்தில் காக்கப்பட்டிருந்தமையால்தான் உரிமைக்குச் சான்று கிடைத்தது.

நாமே எழுதியவற்றின் கதி வேறாக இருந்தது. 1869இல் தோன்றிய சூரியோதயம், 1871இல் தோன்றிய பஞ்சமன் ஆகிய இதழ்களின் பெயர்களை அறிகிறோம், ஏடுகள் கிடைப்பதில்லை. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் பறையன் இதழைத் தொடங்கினார். பண்டிதர் அயோத்திதாசர் 1907 ஜூன் 19 அன்று ஒரு பைசாத் தமிழன் என்னும் வார இதழைத் தொடங்கி, 1914இல் தாம் மறையும் வரை நடத்தினார். அவ்விதழில் வந்த அவருடைய எழுத்துகள் 1999ஆம் ஆண்டில்தான் பாளையங்கோட்டையிலிருந்து பெருந்தொகுதிகளாக வெளிவந்தன. இடையில் 85 ஆண்டுகள் ஓடிவிட்டன. அவ்வளவு காலமும் பழைய பிரதிகளைத் தம் வீடுகளில் காத்து வைத்திருந்த அன்பர்கள் இல்லையேல் பண்டிதரின் எழுத்தும் பெயரளவிலேயே நின்றிருக்கும்.

கம்பெனிகளின் கையில் இருக்கும் எழுத்து

இன்று நம் இளைஞர்கள் அச்சகத்தை எதிர்பார்த்துக் காத்திருப்பதில்லை. தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை வைத்திருப்பதையும், கோயில் தெருவில் நடக்கவிடாமல் தடுப்பதையும், கல்லூரி விடுதியில் நிகழும் இழிவையும் அன்றே எழுதிப் படத்தோடு வெளியிடுகின்றனர். நாளிதழ்கள் ஒதுக்கிய செய்திகள் பல இவ்வாறே நாட்டுக்குத் தெரியவந்துள்ளன. ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவர் ரோகித் வெமுலா 2016 ஜனவரி 17 அன்று மறைந்தார். அவர் முகநூலில் எழுதிவந்த பதிவுகள் அவ்வாண்டிலேயே ஆங்கில நூலாகத் தொகுக்கப்பட்டன. ஓர் ஆராய்ச்சி மாணவர் நாள்தோறும் என்ன படித்தார், எதை எண்ணி வருந்தினார், எதற்காக வாதாடினார் என்பதை அந்நூல் காட்டுகிறது. இவ்வாறு தொகுக்க ஒருவர் முன்வராத எழுத்துகள் எத்தனை என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இப்பதிவுகள் யாவும் தனியார் கம்பெனிகளின் கணிப்பொறிகளில் உள்ளன. கம்பெனி மூடினால் பதிவும் மறையும். ஒரு காலத்தில் இந்திய இளைஞர்கள் பெரிதும் பயன்படுத்திய ஆர்குட் 2014 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் மூடப்பட்டது. மைஸ்பேஸ் என்னும் தளம் 2003 முதல் 2015 வரை தன்னிடம் ஏற்றப்பட்ட பாடல்கள் இழக்கப்பட்டுவிட்டதாக 2019இல் தெரிவித்தது. கறையான் ஓலையைத் தின்பதற்குப் பல ஆண்டுகள் ஆகும். கம்பெனியின் ஓர் அறிவிப்புக்கு ஒரு நாள் போதும். ஆகவேதான் இப்பொறுப்பை நாடே ஏற்க வேண்டும் என்னும் கருத்து எழுந்தது.

அமெரிக்க நாட்டின் முயற்சி

இத்துறையில் மிகப் பெரிய முயற்சியை மேற்கொண்டது அமெரிக்காவின் தேசிய நூலகமாக விளங்கும் காங்கிரஸ் நூலகமாகும். 2010 ஏப்ரல் 14 அன்று, ட்விட்டர் தொடங்கிய 2006ஆம் ஆண்டு முதல் வெளியான பொதுப் பதிவுகள் அனைத்தையும் அக்கம்பெனியிடமிருந்து நன்கொடையாகப் பெறுவதாக அந்நூலகம் அறிவித்தது. அரசியல் தலைவர் எழுதியதையும் கடைத்தெருவில் நின்றவர் எழுதியதையும் ஒன்றாகச் சேர்த்து வைக்கும் இத்திட்டத்தை ஆராய்ச்சியாளர்கள் பெரிதும் வரவேற்றனர்.

ஆனால் பதிவுகளின் பெருக்கம் நூலகத்தின் ஆற்றலை மிஞ்சியது. 2011 பிப்ரவரியில் நாளொன்றுக்கு 14 கோடியாக இருந்த பதிவுகள் 2012 அக்டோபரில் ஏறத்தாழ 50 கோடியாயின. 2013 ஜனவரியில் நூலகம் வெளியிட்ட அறிக்கையின்படி சேர்ந்திருந்த பதிவுகள் சுமார் 17,000 கோடி. 2006 முதல் 2010 வரையிலான பகுதியில் மட்டும் ஒரு சொல்லைத் தேடுவதற்கு 24 மணி நேரம் ஆகும் நிலை இருந்தது. 400க்கும் மேற்பட்ட ஆராய்ச்சியாளர்கள் அனுமதி கேட்டிருந்தும் கதவு திறக்கப்படவில்லை.

இறுதியில், 2018 ஜனவரி 1 முதல் தேர்ந்தெடுத்த பதிவுகளை மட்டுமே சேர்ப்பதாக 2017 டிசம்பரில் நூலகம் அறிவித்தது. பதிவுகளின் அளவு பெருகியதும், தனக்குக் கிடைத்தவை எழுத்துகள் மட்டுமே, படங்களும் காணொளிகளும் அல்ல என்பதும் காரணங்களாகக் கூறப்பட்டன.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியது ஒன்று உண்டு. அனைத்தையும் சேர்ப்போம் என்றபோது எளியவரின் சொல்லுக்கும் இடம் இருந்தது. தேர்ந்தெடுத்துச் சேர்ப்போம் என்றவுடன், தேர்பவர் யார் என்னும் பழைய வினா மீண்டும் வந்துவிட்டது. தேர்தல், பேரிடர், நாட்டுத் தலைவர்களின் கூற்று ஆகியவை எளிதில் தேர்வு பெறும். ஒரு சிற்றூரின் சேரியில் நடந்தது தேர்வு பெறுமா? தேர்பவர்களிடையே சேரியை அறிந்தவர் இருந்தாலன்றிப் பெறாது.

கறுப்பின மக்கள் காட்டிய வழி

அமெரிக்காவிலேயே இவ்வினாவுக்கு விடை தேடிய சிலர் உண்டு. 2014 ஆகஸ்டு 9 அன்று பெர்குசன் என்னும் ஊரில் மைக்கேல் பிரவுன் என்னும் 18 வயதுக் கறுப்பின இளைஞர் காவலர் ஒருவரால் சுட்டுக் கொல்லப்பட்டார். மக்கள் கிளர்ந்தெழுந்தனர். தெருவில் நின்றவர்களே ட்விட்டரில் செய்தி எழுதினர். ஆவணக் காப்பாளர் சிலர் உடனே செயல்பட்டு, ஏறத்தாழ இரண்டரை வாரங்களில் அந்நிகழ்ச்சி பற்றிய 1 கோடியே 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகளைத் திரட்டினர். அதிலிருந்தே டாக்குமெண்டிங் தி நவ் என்னும் திட்டம் வளர்ந்தது.

திரட்டிய பின்னரே அவர்கள் கடினமான ஒரு வினாவை எதிர்கொண்டனர். உரிமைக்காகக் குரல் கொடுத்தவனைக் காட்டிக் கொடுக்கும் கருவியாக இத்தொகுப்பு ஆகிவிடாதா? காவல் துறையும் அதே பதிவுகளைப் பார்க்கின்றது அன்றோ? ஆகவே எழுதியவரின் இசைவு, அவருடைய பாதுகாப்பு ஆகியவற்றை அவர்கள் முன்னிறுத்தினர். பதிவுகளை அப்படியே பரப்பாமல், ஒவ்வொரு பதிவுக்கும் உரிய எண்ணை மட்டும் பிறருக்கு வழங்கும் முறையைக் கையாண்டனர். அவ்வெண்ணைக் கொண்டு மூலத் தளத்திலிருந்து பதிவைப் பெறலாம். எழுதியவர் தம் பதிவை நீக்கியிருந்தால் அது கிடைக்காது. எழுதியவரின் விருப்பம் இவ்வாறு மதிக்கப்பட்டது. ஆயினும் 2023ஆம் ஆண்டில் ட்விட்டர் கம்பெனி, பதிவுகளை இலவசமாகத் திரட்டும் வழியை அடைத்துவிட்டதால் இத்தகைய பணிகள் மிகவும் கடினமாகிவிட்டன.

பிற நாடுகளும் நம் நாடும்

பிரிட்டனில் அச்சு நூல்களைப் போலவே இணைய வெளியீடுகளையும் நூலகங்கள் பெற்றுக் காப்பதற்கு 2013ஆம் ஆண்டில் சட்டவிதி செய்யப்பட்டது. நியூசிலாந்தின் தேசிய நூலகம் 2019ஆம் ஆண்டில் மக்களிடம், உங்கள் முகநூல் பதிவுகளின் படியை எங்களுக்கு நன்கொடையாகத் தாருங்கள் என்று கேட்டது. கம்பெனியிடம் கேளாமல் எழுதியவரிடமே கேட்டது போற்றத்தக்க முறையாகும்.

நம் நாட்டில் 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளியாகும் ஒவ்வொரு நூலும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா நூலகத்துக்கும் மும்பை, தில்லி நூலகங்களுக்கும் அனுப்பப்பட வேண்டும். 1956இல் நாளிதழ்களும் பருவ இதழ்களும் இதில் சேர்க்கப்பட்டன. ஆனால் இது அச்சுக் காலத்தின் சட்டம். 1993ஆம் ஆண்டுப் பொது ஆவணச் சட்டம் அரசு அலுவலகங்களின் ஆவணங்களைக் காப்பது பற்றியது. 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஆராய்ச்சிக்கும் ஆவணக் காப்புக்கும் நிபந்தனைகளோடு விலக்கு அளிக்கிறது. அஃதாவது, சேர்ப்பதற்கு ஓரளவு வழி உண்டு. சேர்க்க வேண்டும் என்னும் கடமையை இச்சட்டங்கள் எவர்க்கும் விதிக்கவில்லை.

காப்பகம் அமைய வேண்டிய முறை

இந்திய நாடு இத்தகைய காப்பகம் ஒன்றை அமைக்குமாயின் நாம் வற்புறுத்த வேண்டுவன சில உண்டு. முதலாவதாக, எதனைச் சேர்ப்பது என்று முடிவு செய்யும் குழுவில் தாழ்த்தப்பட்ட மக்கள், பழங்குடியினர் ஆகியோரின் சார்பாளர்கள் இடம்பெற வேண்டும். இரண்டாவதாக, குறிப்பிட்ட ஆண்டுகள் வரை பெயர்கள் மூடிவைக்கப்பட வேண்டும். வன்கொடுமையைப் பற்றி எழுதிய பெண்ணின் பெயரும் ஊரும் நாளையே எதிரியின் கைக்குப் போகுமாயின் அக்காப்பகம் நமக்குப் பகையேயாகும். மூன்றாவதாக, எழுதியவர் தம் பதிவை நீக்கக் கேட்டால் அதற்கு வழி இருக்க வேண்டும். நான்காவதாக, தமிழ் உள்ளிட்ட எல்லா மொழிகளிலும் தேடும் வசதி வேண்டும். நம் இளைஞர்கள் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுகின்றனர். சுவரொட்டியைப் படமாக்கி வெளியிடுகின்றனர். இவற்றைத் தேடிக் காண வழியில்லையேல் சேர்த்தும் பயனில்லை. ஐந்தாவதாக, படிகள் ஓரிடத்தில் மட்டும் இருத்தலாகாது. 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் கணிப்பொறிகள் தாக்கப்பட்டபோது அதன் இணையக் காப்பகமும் நெடுநாள் பயன்படாமல் போயிற்று.

இளைஞர்கள் செய்ய வேண்டுவன

அரசு அமைக்கும் வரை காத்திருத்தல் கூடாது. அயோத்திதாசரின் இதழை அரசு காத்து வைக்கவில்லை, படித்தவர்கள் காத்தார்கள். அப்பணியை இன்று செய்வது அதனினும் எளிது. முகநூல் முதலிய தளங்களில் ஒருவர் தம் பதிவுகள் அனைத்தையும் படியெடுத்துக்கொள்ளும் வசதி உண்டு. ஆண்டுக்கு ஒரு முறையேனும் அதனைச் செய்க. எடுத்த படியை இரண்டு இடங்களில் வைத்திருங்கள். படங்களுக்கு நாள், ஊர், நிகழ்ச்சி ஆகியவற்றைக் குறித்து வைக்கவும். குறிப்பில்லாத படம் 20 ஆண்டு கழித்துப் பேசாது. வாட்ஸ்அப் குழுக்களில் வருபவை பொதுப் பதிவுகள் அல்ல. எந்தத் தேசியக் காப்பகமும் அவற்றைத் தானாகச் சேர்க்க இயலாது. நம் ஊர்க் கூட்டங்கள், விழாக்கள், மனுக்கள் பற்றிய செய்திகள் பெரும்பாலும் அங்கேயே உள்ளன. குழுவினரின் இசைவு பெற்று, தனியார் செய்திகளை விலக்கி, பொதுவானவற்றை மட்டும் எடுத்து வைத்தல் வேண்டும்.

நம் கல்விச் சங்கத்தின் நூலகத்தில் இதற்கென ஒரு பேழையும், ஒரு பதிவேடும், பொறுப்பேற்கும் இரு இளைஞர்களும் போதும். அண்ணல் அம்பேத்கர் 1956இல் மறைந்தபோது அச்சேறாமல் விட்டுச்சென்ற எழுத்துகள் பல இருந்தன. 1979 முதல் மராட்டிய அரசு அவருடைய எழுத்துகளையும் உரைகளையும் தொகுதிகளாக வெளியிட்டது. தாள்கள் எஞ்சியிருந்தமையால் அச்சேறாதவையும் அவற்றில் இடம்பெற்றன. நாளை நம் மக்களின் வரலாற்றை எழுத வருபவர் எந்த ஊரினராயினும் எந்தக் குலத்தினராயினும், நம் சொல்லைக் கேட்காமல் அதனை எழுத முடியாத நிலையை உண்டாக்குவது நம் கடமை. இவ்வெள்ளி விழா ஆண்டிலேயே அப்பணியைத் தொடங்குவோமாக.