தலைக்கு ஒரு வராகன்

எல்லை தாண்டும் குற்றம் என்றதும் கள்ளத் தங்கமும் கள்ளச் சரக்கும் நம் நினைவுக்கு வருகின்றன. பொன் கடத்துவோனைப் பற்றி உரக்கப் பேசும் நாடு, மனிதனைக் கடத்துவோனைப் பற்றி மெல்லிய குரலிலேயே பேசுகிறது. அந்த வாணிகத்தின் வரலாற்றை இங்கே எடுத்துரைக்க விழைகிறோம். நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. பழைய செங்கற்பட்டு மாவட்டமே போதும். அதன் வடகோடியிலே பழவேற்காடு, மேற்கே சுங்குவார்சத்திரம். இவ்விரு ஊர்களுக்கும் இடையே நானூறு ஆண்டுக் கதை கிடக்கிறது.

பழவேற்காட்டில் 1613-இல் டச்சுக்காரர் கோட்டை எழுப்பினர். துணி வாங்க வந்தவர்கள் என்று பாடநூல் பகரும். துணியோடு மனிதரும் கப்பலேறினர் என்பதைப் பாடநூல் விழுங்கிவிடும். 1659 முதல் 1661 வரை, பீஜப்பூர்ப் படைகள் தஞ்சைச் சீமையைச் சூறையாடின. அந்நாளில் நாகப்பட்டினம், பழவேற்காடு முதலிய துறைகளில் டச்சுக் கம்பெனி விலைக்கு வாங்கிய மக்கள் 8,000 முதல் 10,000 பேர்! பெரும்பாலோர் இலங்கைக்கும், சிலர் பத்தாவியாவுக்கும் மலாக்காவுக்கும் அனுப்பப்பட்டனர்.

ஆங்கிலேயர் மட்டும் சளைத்தவர்களா? 1687-இல் சென்னைக் கோட்டையார், கடல் கடக்கும் அடிமைக்குத் தலைக்கு ஒரு வராகன் சுங்கம் விதித்தனர். துணிக்குச் சுங்கம், மிளகுக்குச் சுங்கம், மனிதனுக்கும் சுங்கம்! அடுத்த ஆண்டே தடை வந்தது. மொகலாய அரசின் சினத்துக்கு அஞ்சி வந்த தடை அது. கருணைக்கு அதிலே பங்கில்லை.

வாங்கியவன் வெள்ளைக்காரன், சரி. வாங்கக் கிடைக்கும் நிலையில் இம்மக்களை வைத்தவன் யார்? உழுதவனுக்கு நிலமில்லை; விளைவித்தவனுக்குக் களத்தில் பங்கில்லை. கடல் கடந்தால் சாதி கெடும் என்று மிரட்டிய சாத்திரம், சாதியின் பெயரால் சேரிக்குத் தள்ளப்பட்டவன் கப்பலேற்றப்பட்டபோது வாய் திறக்கவில்லை. 'தலைவிதி' என்ற ஒரு சொல்லிலே கணக்கு முடிந்தது!

1843-இல், அடிமை உடைமையைச் சட்டம் ஏற்காது என்று அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்னரே, 1834 முதல், மொரீசியசுத் தீவுக்கு ஒப்பந்தக் கூலிகள் செல்லத் தொடங்கிவிட்டனர். சங்கிலி போயிற்று, முன்பணம் வந்தது. மாலுமி போனான், கங்காணி வந்தான். ஊரிலே இருந்தவனும் படியாளாய்க் கடனில் கட்டுண்டு கிடந்தான். அவன் நிலையை ஆராய்ந்த செங்கற்பட்டு ஆட்சியர் டிரெமன்ஹீர், 1891-இல் அளித்த அறிக்கையிலே, நிலம் கொடுங்கள் என்றார். 1892-இல் பஞ்சமி நிலத்துக்கு ஆணை பிறந்தது. சொந்த நிலத்தில் நிற்பவனை எவனும் எளிதில் கப்பலேற்ற முடியாது என்பது அதில் அடங்கிய உண்மை. அந்நிலங்களில் பல பிறர் கைக்கு மாறியது நம் காலத்து வெட்கம்.

இவையெல்லாம் பழங்கதை என்று எவரேனும் நினைப்பாராயின், 2022-ஐ எண்ணிப் பார்க்கட்டும். தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் புறப்பட்ட தமிழ் இளைஞர்கள், எல்லை ஆற்றைக் கடத்தி மியான்மரின் மியாவாடிக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். கடவுச்சீட்டு பறிபோயிற்று. இணையத்தின் வழி முன்பின் அறியாதோரை ஏமாற்றிப் பணம் பறிப்பதே வேலை. மறுத்தால் அடி, உதை. மியான்மரில் 1,20,000 பேரேனும், கம்போடியாவில் 1,00,000 பேரேனும் இவ்வாறு சிக்கியிருக்கக் கூடும் என்று 2023-இல் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் கணித்தது.

ஒரு வட்டாரத்தின் வளர்ச்சியை இக்குற்றம் எப்படி அரிக்கிறது? ஊர்ப் பணத்தில் படித்த அறிவு, ஊருக்குப் பயன்படாமல் களவுக்குக் கருவியாகிறது. தரகனுக்குக் கொடுக்க அடகுவைத்த நகை மீளாமல், வட்டி வளர்கிறது. சிறைப்பட்ட இளைஞனின் குரலை நம்பி, வேறொரு வீட்டு முதியவர் தம் ஓய்வூதியச் சேமிப்பை இழக்கிறார். ஒரே குற்றம் இரண்டு வீட்டின் அடுப்பை அணைக்கிறது! மீண்டு வந்தவனோ நாணத்தால் வாய் மூடுகிறான். அந்த மௌனமே தரகனின் அடுத்த முதலீடு. மகன் போய் மாட்டிக்கொண்ட செய்தி கேட்ட ஊரிலே, வெளியூர் வேலைக்குப் போக நினைக்கும் மகளுக்கும் கதவு சாத்தப்படுகிறது.

சுங்குவார்சத்திரத்துக்கு வருவோம். திருப்பெரும்புதூரும் ஒரகடமும் சூழ்ந்த இவ்வட்டாரத்தில், ஒரு காலத்தில் ஏர் உழுத நிலத்திலே ஆலைகள் எழுந்து நிற்கின்றன; ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் தோழர்கள் வேலை தேடி வருகின்றனர். 2024-இல் இங்குள்ள சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள், சங்க உரிமை கேட்டு 37 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். 2025 சனவரியில் சங்கம் பதிவாயிற்று. கருத்து வேறுபாடு எவர்க்கும் இருக்கலாம். ஆயினும் எண்ணிப் பாருங்கள்: கேட்க ஒரு சங்கம், வழக்காட ஒரு மன்றம், நிற்க ஒரு தெரு! மியாவாடியில் அடைபட்டவனுக்கு இம்மூன்றும் இல்லை. தொழிற்பேட்டையின் உயரத்தைக் கட்டடத்தால் அளப்பவர் அளக்கட்டும். தொழிலாளி 'முடியாது' என்று சொல்லிவிட்டு அச்சமின்றி வீடு திரும்ப முடிகிறதா என்பதே நம் அளவுகோல்.

தோழர்களே! 'வெளிநாட்டு யோகம்' உண்டா என்று சோதிடனைக் கேட்கும் இளைஞன், முகவர் 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றவரா என்று கேட்பதில்லை. அந்தக் கேள்வியைப் படிப்பகந்தோறும் கேட்கச் செய்வோம். மீண்டு வந்தவனை எள்ளாமல் மேடையேற்றிப் பேசவைப்போம். வெளிமாநிலத் தோழனின் சான்றிதழைப் பிடித்துவைப்பவன் நம் ஊரானாயினும், அவனைத் தட்டிக் கேட்போம். தலைக்கு ஒரு வராகன் என்று விலை எழுதிய கை இன்னும் ஓயவில்லை. அது எழுத இடம் தருவது நம் வறுமையும் சாதியும் அறியாமையும். அந்த ஏட்டைக் கிழிப்பது நம் தலைமுறையின் கடன்.