ஒரே கடல், இரண்டு நாவல்கள்

பாலாற்றிலேயே தண்ணீரைப் பார்ப்பது அபூர்வமான ஆம்பூரில் உட்கார்ந்துகொண்டு, இந்த மாதம் இரண்டு கடல் நாவல்கள் படித்தேன். சாண்டில்யனின் ‘கடல் புறா’ மறுவாசிப்பு. பா. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ (1972) இப்போதுதான் முதல் முறை. வெட்கம்தான்.

1025-இல் ராஜேந்திர சோழன் கடாரத்தின் மீது கப்பல்கள் அனுப்பியதைத் தஞ்சைக் கல்வெட்டு சொல்கிறது. வென்ற ஊர்களின் பட்டியல் இருக்கிறது. போனவர்கள் என்ன சாப்பிட்டார்கள், எத்தனை பேர் திரும்பவில்லை என்பதற்கு ஒரு வரி கிடையாது. சாண்டில்யன் கதை அதற்குப் பிந்தைய காலத்தது. கருணாகரத் தொண்டைமான்தான் நாயகன். கல்வெட்டு விட்ட இடத்தை அவர் வீரத்தாலும் காதலாலும் நிரப்பினார். பள்ளி நாட்களில் அதையே சரித்திரம் என்று நம்பியிருந்தேன். (பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் போனது!)

சிங்காரம் 1938-இல் பிழைப்புக்காக இந்தோனேசியா போய், மேடானில் கடை வேலை பார்த்தவர். அவருடைய தொங்கான் புயலில் சிக்கும்போது யாரும் வாள் சுழற்றுவதில்லை. கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு உயிருக்குப் பயந்து கிடக்கிறார்கள். அது மலாக்கா நீரிணை. கடாரம் எனப்பட்ட கெடாவும் அதன் கரையில்தான். சோழர் படகோட்டிகளும் இப்படித்தான் கிடந்திருப்பார்கள் என்று அன்றிரவு தோன்றியது.

எதை முதலில் படிக்கலாம் என்று பேரன் கேட்டான். ‘கடல் புறா’ முதல் பாகத்தைத்தான் எடுத்துக் கொடுத்தேன். பதினைந்து வயதில் எனக்கும் அதுதானே கிடைத்தது. சிங்காரம் அலமாரியில் காத்திருக்கிறார்.