அமில-காரக் கொள்கைகளின் வரலாறு

அமிலம், காரம் என்னும் பாகுபாடு தொடக்கத்தில் சுவையையும் தொடு உணர்வையும் கொண்டே செய்யப்பட்டது. புளிப்புச் சுவை உடையவை அமிலங்கள் எனவும், கசப்புச் சுவையும் சவர்க்காரம் போன்ற வழுக்கும் தன்மையும் உடையவை காரங்கள் எனவும் கருதப்பட்டன. ஒரு பொருளை அமிலமாக்குவது எது என்ற கேள்விக்கு அறிவியலாளர் விடை காண நெடுங்காலம் ஆயிற்று. இடையில் தோன்றிய தவறான விடை ஒன்று, ஆக்சிசன் என்ற பெயரில் இன்றும் நிலைத்திருக்கிறது.

நிறங்காட்டிகள்

இராபர்ட் பாயில் 1664 இல் வெளியிட்ட நிறங்கள் பற்றிய நூலில், வயலட் பூச்சாறு அமிலத்தில் சிவப்பாகவும் காரத்தில் பச்சையாகவும் மாறுவதை விவரித்தார். இதனால் சுவைத்துப் பார்க்காமலேயே இரண்டையும் வேறுபடுத்த முடிந்தது. ஆனால் அந்த மாற்றத்தின் காரணம் விளங்கவில்லை.

ஆக்சிசன் கொள்கை

கந்தகம், பாசுபரசு, கரி ஆகியவற்றை எரித்துக் கிடைப்பவற்றை நீரில் கரைத்தால் அமிலங்கள் உண்டாகின்றன. இதைக் கண்ட பிரெஞ்சு வேதியியலாளர் அந்துவான் லவாய்சியர், எல்லா அமிலங்களிலும் ஆக்சிசன் உண்டு என்று முடிவு செய்தார். 'அமிலத்தை உண்டாக்குவது' என்ற பொருள் தரும் கிரேக்கச் சொற்களிலிருந்து அந்த வளிமத்துக்குப் பெயரும் இட்டார்.

இக்கொள்கையை இங்கிலாந்தின் அம்பிரி டேவி தம் சோதனைகளால் தகர்த்தார். 1807 இல் எரிபொட்டாசு, எரிசோடா ஆகிய காரங்களை மின்னோட்டத்தால் பகுத்து, பொட்டாசியத்தையும் சோடியத்தையும் பிரித்தெடுத்தார். அக்காரங்களிலும் ஆக்சிசன் இருப்பது இதனால் தெரிந்தது. அடுத்து, உப்பிலிருந்து பெறப்படும் அமிலத்தோடு தொடர்புடைய பசுமஞ்சள் வளிமத்தை ஆராய்ந்தார். அது ஓர் ஆக்சிசன் சேர்மம் என்றே அக்காலத்தில் நம்பப்பட்டது. உயர் வெப்பத்தில் கரியை அதனுள் வைத்தபோதும் கார்பனின் ஆக்சைடு எதுவும் தோன்றவில்லை. எனவே அது ஒரு தனிமம் என்று 1810 இல் அறிவித்துக் குளோரின் எனப் பெயரிட்டார். ஐதரோகுளோரிக் அமிலத்தில் ஐதரசனும் குளோரினும் மட்டுமே உள்ளன என்பது இதனால் தெளிவாயிற்று.

ஐதரசனும் அயனிகளும்

உலோகத்தால் இடம்பெயர்க்கத்தக்க ஐதரசனைக் கொண்டவையே அமிலங்கள் என 1838 இல் இலீபிக் வரையறுத்தார். சுவீடனின் அரீனியசு, கரைசலில் சேர்மங்கள் அயனிகளாகப் பிரிகின்றன என்ற கருத்தை 1884 இல் உப்சாலா பல்கலைக்கழகத்தில் ஆய்வேடாக அளித்தார். தேர்வாளர்கள் அதற்குத் தாழ்ந்த தரமே வழங்கினர். அவ்வாய்விலிருந்து வளர்ந்த கொள்கைக்காக 1903 இல் அவர் நோபல் பரிசு பெற்றார். இக்கொள்கையின்படி, நீரில் ஐதரசன் அயனியைத் தருவது அமிலம்; ஐதராக்சைடு அயனியைத் தருவது காரம். இரண்டும் சேர்ந்து நீராவதே நடுநிலையாக்கல்.

1909 இல் கோபனேகனின் கார்ல்சுபெர்க் ஆய்வகத்தில் சோரன்சன் பி.எச் அளவுகோலை உருவாக்கினார். இதில் ஓர் அலகு குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடுகிறது.

தன் மூலக்கூறில் ஐதராக்சைடு இல்லாத அம்மோனியா எவ்வாறு காரமாகிறது என்பதை, 1923 இல் பிரான்சுடெடும் இலௌரியும் தனித்தனியே வெளியிட்ட கொள்கை எளிதாக விளக்கியது. புரோட்டானை வழங்குவது அமிலம், ஏற்பது காரம் என்பது அவர்களின் வரையறை. அம்மோனியா நீரிடமிருந்து புரோட்டானை ஏற்பதால், கரைசலில் ஐதராக்சைடு அயனி தோன்றுகிறது.

பெயரில் எஞ்சிய பிழை

கொள்கை மாறியபின்னும் ஆக்சிசன் என்ற பெயர் மாற்றப்படவில்லை. செருமானிய மொழியில் அதன் பெயர் இன்றும் 'புளிப்புப் பொருள்' என்றே பொருள்படுகிறது. அமிலத்தன்மைக்கு உரியதாகப் பின்னர் அறியப்பட்ட ஐதரசனின் பெயருக்கோ 'நீரை உண்டாக்குவது' என்பதே பொருள்.