1997-லேயே எழுதி வைத்தது

குக்கியைக் கண்டுபிடித்தவரைக் குற்றவாளி ஆக்கும் பேச்சு எனக்கு உடன்பாடில்லை. 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் இருந்த லூ மான்டுல்லிக்கு முன்னால் இருந்தது ஒரு கடைக்கணக்கு. எம்.சி.ஐ. என்ற தொலைபேசி நிறுவனத்துக்கு இணையக் கடை வேண்டும். ஆனால் பாதியில் நிற்கும் கொள்முதல் விவரங்களைத் தன் சர்வரில் சுமக்க விருப்பமில்லை. அவற்றை வாங்குபவரின் கணினியிலேயே சிறு குறிப்பாக விட்டுவைத்தார் மான்டுல்லி; அந்தக் குறிப்புதான் குக்கி. ஒவ்வொரு பிரவுசருக்கும் நிரந்தர எண் கொடுக்கும் யோசனையும் இருந்தது. ஆளைப் பின்தொடர அது வழிசெய்யும் என்றே அதை ஒதுக்கினார். ஒரு தளம் வைத்த குக்கியை அந்தத் தளம் மட்டுமே திரும்பப் பெறும்.

ஓட்டை வேறிடத்தில் இருந்தது. செய்திப் பக்கத்துக்குள் வேறொரு சர்வரிலிருந்து வரும் விளம்பரப் படமும் தன் குக்கியை வைக்கலாம். அதே நிறுவனத்தின் படம் ஆயிரம் தளங்களில் இருந்தால், ஆயிரத்திலும் அதே பிரவுசரை அது இனங்காணும். விளம்பர நிறுவனமான டபுள்கிளிக் வளர்ந்தது இப்படித்தான்.

இதைத் தடுக்கச் சொன்ன இணையத் தரநிலை ஆவணம் 1997 பிப்ரவரியில் வெளிவந்தது: ஆர்.எஃப்.சி. 2109. எழுதியவர்கள் பெல் ஆய்வகத்தின் டேவிட் கிறிஸ்டலும் அதே மான்டுல்லியும். இத்தகைய மூன்றாம் தரப்புக் குக்கிகளை ஏற்கவே கூடாது, அல்லது அந்த வசதி முதலிலிருந்தே அணைந்திருக்க வேண்டும் என்றார்கள். நெட்ஸ்கேப்பும் கேட்கவில்லை, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரும் கேட்கவில்லை. நம் அந்தரங்கம் கைநழுவிய இடம் இதுதான் என்பேன். செட்டிங்ஸைத் திறந்து பார்ப்பவர்கள் எத்தனை பேர்? பெட்டியில் வந்தபடியேதான் பெரும்பாலோர் பயன்படுத்துகிறார்கள்.

திறந்து பார்த்தவர்களுக்கு முதலில், பிரவுசருக்கும் தளத்துக்கும் நடுவில் நின்று குக்கிகளையும் விளம்பரங்களையும் வடிகட்டும் ப்ராக்ஸியான இன்டர்நெட் ஜங்க்பஸ்டர் கிடைத்தது. அதன் நிரலிலிருந்து பிறகு பிரிவாக்ஸி பிறந்தது. நான் நெட்வொர்க் பார்த்துக்கொண்ட அலுவலகத்தில் ஒவ்வொரு கணினியிலும் ப்ராக்ஸி முகவரியாக 127.0.0.1, போர்ட் 8118 என்று என் கையால் தட்டச்சு செய்திருக்கிறேன். பிரிவாக்ஸியில் எனக்குப் பிடித்த வசதி, நாள்கணக்கில் தங்க வரும் குக்கியையும் பிரவுசரை மூடியதும் அழிவதாக மாற்றிவிடுவது. லாகின் தடைபடாது; தடயமும் தங்காது. தகவலை மறையாக்கி அனுப்பும் எச்.டி.டி.பி.எஸ்.-க்குத் தளங்கள் மாறியபின் நடுவில் நிற்கும் ப்ராக்ஸிக்கு உள்ளே போவது தெரியாமல் போனது. வடிகட்டும் வேலை பிரவுசருக்குள்ளேயே, ஆட்பிளாக் போன்ற நீட்சிகளிடம் போயிற்று.

மூன்றாம் தரப்புக் குக்கிகளை முழுமையாக சஃபாரி அடைத்தது 2020 மார்ச்சில். அந்த ஆவணம் வந்து 23 ஆண்டுகள்! அதே ஆண்டு கூகுளும் குரோமில் அவற்றை ஒழிப்பதாக அறிவித்து, 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. குரோம் வைத்திருப்பவர்கள் அவற்றைத் தடுக்கும் அமைப்பைத் தாங்களேதான் மாற்றிக்கொள்ள வேண்டும்.