காலிகோ காட்சிச்சாலையும் நம் நகரமும்

அகமதாபாத் என்றவுடன் வானளாவிய புகைபோக்கிகளே கண்முன் தோன்றிய காலம் ஒன்று இருந்தது. இந்நகரின் முதற் பஞ்சாலை 1861-ஆம் ஆண்டில் ரண்சோட்லால் சோட்டாலாலின் முயற்சியால் ஓடத் தொடங்கியது. பின்னர் ஆலைகள் பல்கிப் பெருகின. இந்தியாவின் மாஞ்செஸ்டர் என்னும் பெயரும் நகருக்கு வாய்த்தது. சபர்மதி ஆற்றின் கீழ்க்கரையில் எந்திரத் தறிகள் இரைந்துகொண்டிருக்க, மேற்கரையில் 1917-இல் அமைந்த ஆசிரமத்திலிருந்து காந்தியடிகள் கைராட்டைக்கும் கைத்தறிக்கும் புத்துயிர் அளிக்க முயன்றார். எந்திரத்தால் வாழும் ஒரு நகரம், கையால் நெய்தவனின் கலையைப் பேணுமா? இவ்வினாவிற்கு ஒரு விடை, வியப்பூட்டும் வகையில், ஆலைக்கு உரியவர் குடும்பத்திலிருந்தே வந்தது. அவ்விடையே காலிகோ ஆடைக் காட்சிச்சாலை.

1880-இல் தோன்றிய காலிகோ ஆலை சாராபாய் குடும்பத்தினர் நடத்தியது. ‘காலிகோ’ என்னும் அப்பெயரே தென்னாட்டிலிருந்து சென்றதாகும். கோழிக்கோட்டுத் துறைமுகத்தின் வழியே கடல் கடந்த பருத்தித் துணியை மேனாட்டார் அவ்வூரின் பெயராலேயே வழங்கினர். காட்சிச்சாலையின் பிறப்பிலும் நம்மவர் ஒருவரின் அறிவுரை கலந்திருக்கிறது. ஆலையின் பொறுப்பை ஏற்றிருந்த கௌதம் சாராபாய், 1940-களில் கலைப் பேரறிஞர் ஆனந்த குமாரசுவாமியுடன் உரையாடியபோது, இந்நாட்டின் ஆடைக்கலைக்கெனத் தனியே ஒரு காட்சிச்சாலை வேண்டும் என்ற கருத்து உருப்பெற்றது. கொழும்பில் ஈழத் தமிழ்த் தந்தைக்கு மகனாகப் பிறந்து, போஸ்டன் நகரக் காட்சிச்சாலையில் பணியாற்றிய அப்பெரியார் 1947-இல் மறைந்தார். 1949-இல் கௌதமும் அவர் தங்கை கிராவும் அக்கருத்திற்குச் செயல்வடிவம் கொடுத்தனர்.

ஆடைக்கெனத் தனிக் காட்சிச்சாலை எதற்கு என்று சிலர் கேட்கலாம். கல்லும் செம்பும் நூற்றாண்டுகளைக் கடந்து நிற்கும். துணியோ உடுத்தக் கிழியும், ஒளியால் வெளிறும், ஈரத்தாலும் பூச்சியாலும் அழியும். எகிப்து நாட்டின் பழைய நகரமான ஃபுஸ்தாத்தின் மணலில் குசராத்தி அச்சுத்துணிகளின் துண்டுகள் கிடைத்துள்ளன. அந்நாட்டின் வறட்சி காத்ததை நம் நாட்டின் மழையும் வெப்பமும் காக்கவில்லை. நம் நெசவாளரின் பழைய ஆக்கங்களைக் காண விரும்பியவர் இலண்டனுக்குச் செல்ல வேண்டிய நிலையும் இருந்தது. முகலாயர் காலத்துக் கூடாரத் துணிகள், காசுமீரச் சால்வைகள், வைணவக் கோயில்களில் தொங்கவிடும் பிச்வாய் ஓவியத் திரைகள், கட்சுப் பெண்டிரின் பூத்தையல் ஆகியவற்றை ஓரிடத்தில் திரட்டி, அக்குறையைப் பெரிதும் நீக்கியது இக்காட்சிச்சாலை.

அங்குள்ள பாட்டனத்துப் பட்டோலாவை நாம் நின்று நோக்க வேண்டும். பாவும் ஊடும் ஆகிய இரு நூல்களையுமே முன்னதாகக் கட்டிச் சாயமிட்டு, நெய்யும்போது உருவம் பிசகாமல் பொருந்தச் செய்யும் அரிய நெசவு அது. நூலைக் கட்டுவது பட்டோலா என்றால், நெய்த துணியைக் கட்டிச் சாயமிடுவது பாந்தனி. அந்த முடிச்சுக் கலையின் உறவினைச் சௌராட்டிர மக்களின் கைவண்ணமாகிய மதுரைச் சுங்குடியில் காணலாம். இம்மண்ணிலிருந்து தெற்கே சென்று மதுரையில் நிலைத்தவர் அவர்கள். தெற்கிலிருந்து இங்கு வந்து வாழ்பவர் நாம். சோழமண்டலக் கரையில் எழுதுகோலால் தீட்டிய சித்திரத் துணிகளும் தென்னாட்டுச் செப்புத் திருமேனிகளும் இந்நகரில் இடம்பெற்றிருப்பதைக் காணும்போது, நாம் அயலூரில் இருக்கிறோம் என்ற எண்ணம் சிறிது குறைகிறது.

காட்சிப்பொருள்களைக் கண்ணாடிக்குள் வைத்துப் பூட்டுவதோடு இந்நிறுவனத்தின் பணி முடியவில்லை. 1955-இல் இந்திய ஆடை வரலாற்றுக்கென ஓர் ஆய்விதழைத் தொடங்கி, வெளிநாட்டறிஞரையும் நம்மவரையும் ஒரே மேடையில் கூட்டியது. 1961-இல் தேசிய வடிவமைப்பு நிறுவனம் இந்நகரில் தோன்றியபோது, அதனை உருவாக்கி வளர்த்தவர்களுள் கௌதமும் கிராவும் முதன்மையானவர்கள். காட்சிச்சாலை பிறந்த அதே 1949-இல்தான் அக்குடும்பத்தின் மருமகளாக வந்த மிருணாளினி சாராபாய் தருப்பணா கலைக்கழகத்தை நிறுவி, பரதநாட்டியத்தை இங்கு வேரூன்றச் செய்தார். ஆலை நகரம் கலை நகரமாகவும் விளங்கியதற்கு இம்முயற்சிகள் பெருந்துணை புரிந்தன.

1983-இல் காட்சிச்சாலை ஷாகிபாக்கிலுள்ள சாராபாய் இல்லத்திற்கு மாறியது. இடிக்கப்பட்ட பழைய வீடுகளின் செதுக்கு மரமுகப்புகளும் அங்கே மறுவாழ்வு பெற்றன. ஒரு சிலரையே ஒரு வேளைக்கு அனுமதிக்கின்றனர்; வழிகாட்டியுடன்தான் செல்ல வேண்டும்; படம் எடுக்கலாகாது. மங்கலான ஒளியையும் கடுமையான விதிகளையும் குறைகூறுவோர் உளர். ஒளியே துணிக்குப் பகை என்பதை எண்ணின் அவ்விதிகளின் நியாயம் விளங்கும். எனினும், பொத்திவைத்த செல்வம் நகரத்தார் அனைவரையும் எட்டுவது எவ்வாறு என்ற கேள்வி எஞ்சியே நிற்கிறது. தனியார் காட்சிச்சாலைகள் எல்லாவற்றிற்கும் உரிய இக்கேள்விக்கு ஐதராபாத் வேறுவிதமாக விடை கண்டது. 1949-இல் மறைந்த மூன்றாம் சாலார் சங்கின் தொகுப்பு, 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாட்டின் உடைமையாயிற்று. காலிகோவோ அறக்கட்டளையின் பாதுகாப்பிலேயே தொடர்கிறது.

1980-களிலும் 1990-களிலும் இந்நகரின் பெரிய ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. பல்லாயிரம் தொழிலாளர் வேலையிழந்தனர். காலிகோ ஆலையும் தப்பவில்லை. இன்று அப்பெயர் வாழ்வது காட்சிச்சாலையால்தான். கிரா சாராபாயும் 2021-இல் மறைந்தார். கைத்தறியாளனின் திறமைக்கு ஒரு மாளிகை கிடைத்தது. எந்திரத் தறியின் முன் வாழ்நாளைக் கழித்தவனின் கதைக்கு அத்தகைய இடம் இன்னும் அமையவில்லை. அதுவும் இந்நகரின் ஆடை வரலாறேயாகும்.

நாம் செய்யத்தக்கது ஒன்றுண்டு. நம் இல்லங்களில் பாட்டியரின் கூறைப்புடவைகள் பெட்டிக்குள் உறங்குகின்றன. அவை எந்த ஊரில் நெய்தவை, எந்த ஆண்டு எடுத்தவை, எவர் உடுத்தவை என்பதை அறிந்தவர் உயிரோடிருக்கும்போதே எழுதிவைப்போம். நம் பிள்ளைகளை ஒருமுறையேனும் ஷாகிபாக்கிற்கு அழைத்துச் செல்வோம். பாட்டியின் புடவையும் பாதுகாக்கத்தக்க செல்வமே என்பதை அவர்கள் அங்கே உணர்வார்கள்.