ஆடைத் தொழிலில் பணி உடை

துணி நெய்பவர், தைப்பவர், சரிபார்ப்பவர், வடிவமைப்பவர், விற்பவர் ஆகியோர் வேலை நேரத்தில் உடுத்தும் உடை இக்கட்டுரையின் பொருள். ஆடை உலகில் வேலை என்றால் நாளொரு புது உடுப்பு என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பதுண்டு. உண்மையில் இங்கே உடையை முடிவு செய்வது பெரும்பாலும் சரக்கும் எந்திரமும்தான். கையில் இருக்கும் துணியில் கறை படக் கூடாது, இழை இழுபடக் கூடாது, அதன் நிறம் வேறாகத் தெரியக் கூடாது. இந்த மூன்றும் போக மிச்சம் இருப்பதே உடுத்துபவரின் விருப்பம்.

தறியும் தையல் கடையும்

இன்றைய கடலூர் மாவட்டக் கடற்கரை பழைய துணிச் சந்தை. ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி 1690இல் கடலூரை அடுத்த புனித டேவிட் கோட்டையை மராட்டியரிடம் வாங்கியதில் துணி வாணிபத்துக்குப் பெரும் பங்கு உண்டு. கடலூரிலும் பரங்கிப்பேட்டையிலும் இருந்து பருத்தித் துணி கப்பலேறியது. அதை நெய்தவர் இடுப்பில் இருந்தது நாலு முழத் துண்டுக்கு மேல் இல்லை. வறுமை ஒரு காரணம் என்றால், குழித்தறி இன்னொரு காரணம். தறிகாரர் குழியின் விளிம்பில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் விட்டு மிதிபலகையை மாறி மாறி மிதிக்கிறார். காலில் சிக்கும் துணி எதுவும் அங்கே இடைஞ்சல். பாவு இழை அறாமல் இருக்க நெசவு அறையில் ஈரப்பதம் வேண்டும், எனவே புழுக்கம் அதிகம், மேலுக்குச் சட்டை கிடையாது. கைலிக்குப் பெயர் பெற்ற குறிஞ்சிப்பாடியிலும் தறியில் மடித்துக் கட்டிய கைலியே வேலை உடுப்பு. பட்டுத் தறியில் மோதிரமும் ஆகாது. ஒரு சிறு விளிம்பு போதும், சரிகை பிரிந்துவிடும்.

இதே மாவட்டத்துப் பெண்ணாடம் போன்ற பேரூர்களில் ஆடைத் தொழில் என்றால் ஜவுளிக்கடையும் தையல் கடையும்தான். கழுத்தில் இஞ்ச் டேப், காதில் பென்சில், பையில் மார்க்கிங் சாக்கு, இவையே டெய்லரின் அடையாளம். மிதி எந்திரத்தில் உட்காருபவர் செருப்பைக் கழற்றிவிடுவார். வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் பாதத்தின் அழுத்தத்தில் இருப்பதால் வெறுங்கால் வசதி. எளிமை என்ற பொது வழக்குக்கு இங்கே ஒரு விலக்கும் உண்டு. வீட்டிலிருந்தபடி ரவிக்கை தைக்கும் பெண்ணுக்கு அவர் போட்டிருக்கும் ரவிக்கைதான் விளம்பரப் பலகை. கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் ஆரி வேலை செய்த ரவிக்கை போட்டுப் போனால், முதுகு வெட்டையும் கை ஓரத்தையும் பார்த்து ஆள் தேடி வரும்.

பனியன் கம்பெனி

பணி உடைக்கு மிக நுணுக்கமான விதிகள் உள்ள இடம் திருப்பூர் பனியன் கம்பெனிதான். கட்டிங், தையல், கைமடி, செக்கிங், அயர்னிங், பேக்கிங் என ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு தேவை. சேலை அல்லது சுடிதாரின் மேல் ஓவர்கோட், தலைக்குத் துணித்தொப்பி அல்லது முக்காடு, மூக்கை மூடும் முகமூடி என்பது பொதுவான தோற்றம். பல கம்பெனிகளில் கோட்டின் நிறத்தைப் பார்த்தே இவர் டெய்லர், இவர் செக்கர், இவர் சூப்பர்வைசர் என்று சொல்லிவிடலாம்.

ஓவர்கோட்டின் முதல் வேலை முந்தானையையும் துப்பட்டாவையும் அடக்கி வைப்பது. எந்திரத்தின் பெல்ட்டும் புல்லியும் தொங்கும் துணியை இழுத்துக்கொள்ளும். பின்னலைக் கொண்டையாக முடியச் சொல்வதும் இதனால்தான். ஓடும் எந்திரத்துக்குப் பக்கத்தில் போய் எண்ணெய் விடுபவரும் பெல்ட்டைச் சரிசெய்பவரும் உடலை ஒட்டிய உடை அணிய வேண்டும், அதை நிர்வாகமே தர வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 22ஆம் பிரிவு விதித்தது. ஆனால் அந்தப் பிரிவு தையல் எந்திரத்தின் முன் நாள் முழுதும் உட்காருபவருக்கு உடுப்பு எதையும் தரவில்லை.

கட்டிங் மேசையில் அடுக்கடுக்காக விரித்த துணியை நிமிர்ந்த கத்தி எந்திரம் அறுத்துச் செல்லும். துணியைப் பிடிக்கும் கைக்கு எஃகு வளையங்களால் பின்னிய உறை போட வேண்டும். கையுறை கனக்கிறது, வேலை மந்தமாகிறது என்று அதைக் கழற்றிவைக்கும் பழக்கம் பீஸ் ரேட் வேலையில் வருவது இயல்பு. உடுப்பைக் கொடுத்தால் மட்டும் போதாது, அதைப் போட்டுக்கொண்டு வேலை செய்ய நேரமும் கொடுக்க வேண்டும்.

புதிதாகச் சேரும் பெண்களைத் திகைக்க வைப்பது ஊக்குத் தடை. தையல் ஊசி உடைந்தால் அதன் எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்து, பதிவேட்டில் ஒட்டிக் காட்டிய பிறகே புது ஊசி கிடைக்கும். முடிந்த உடுப்புகள், குறிப்பாகக் குழந்தைகள் உடுப்புகள், உலோகம் கண்டறியும் எந்திரத்தைக் கடந்தே பெட்டிக்குப் போகும். குழந்தையின் தோளில் ஊசிமுனை குத்தினால் போகும் பெயர் திரும்பாது என்பது வெளிநாட்டு வாங்குவோரின் அச்சம். எனவே சேலைக்கு ஊக்கு, தலைக்கு ஹேர்பின், கைக்குக் கண்ணாடி வளையல் எல்லாம் வாசலோடு நிற்கும். வெள்ளைத் துணி ஓடும் நாளில் மஞ்சள் பூசிய கையும் எண்ணெய் வழியும் தலையும்கூடக் கண்டிக்கப்படும்.

நிறம் பார்ப்பவரின் உடை தனி. வாங்குவோர் அனுப்பிய மாதிரியோடு சாயத்தை ஒப்பிடும் லைட் பாக்ஸின் முன் சாம்பல் போன்ற நடுநிலை நிறக் கோட்டோடு நிற்க வேண்டும். சிவப்புச் சட்டை போட்டு நின்றால் அதன் ஒளி துணியில் பட்டுக் கண்ணை ஏமாற்றும்.

வடிவமைப்பாளர்

தேசிய ஆடை அலங்காரத் தொழில்நுட்ப நிறுவனத்தின் சென்னை வளாகம் 1995இல் தொடங்கப்பட்டது. இங்கே படித்து வருபவர் வேலை தேடும்போது என்ன உடுத்துவது என்பதற்கு எழுதப்பட்ட விதி இல்லை. ஏற்றுமதி அலுவலக மெர்ச்சண்டைசர் பகலில் சாயப்பட்டறைக்கும் தையல் லைனுக்கும் ஓடி, மாலையில் வாங்குவோரைச் சந்திப்பவர். துவைத்தால் சுருங்காத சட்டையும் நடக்க ஏற்ற காலணியும் அவருக்குப் போதும். வடிவமைப்பாளரிடம் வேலை கேட்டுப் போகிறவர் தன் கையால் தைத்த ஒன்றையாவது போட்டுப் போவது நல்லது. தையல் சுத்தமாக இருக்கிறதா என்று எதிரில் இருப்பவரின் கண் முதலில் அங்கேதான் போகும்.

உலகப் புகழ் பெற்றவர்களும் வேலை உடையில் சிக்கனமாகவே இருந்தார்கள். பாரிசில் ஹுபேர் த ஜிவான்ஷி தையல்கூடத்தில் வெள்ளைக் கோட்டு அணிந்தே வேலை பார்த்தார். மார்ஜியேலா நிறுவனத்தின் ஊழியர்களும் வெள்ளைக் கோட்டுக்கே பெயர் பெற்றவர்கள். ஜார்ஜியோ அர்மானி கருநீல டி-ஷர்ட்டை மாற்றவில்லை. உடுப்புக் காட்சியின் திரைக்குப் பின்னால் மாடல்களுக்கு உடுத்திவிடுபவர்கள் கறுப்பில் இருப்பார்கள், கண்ணில் படாமல் இருப்பதற்காக.

ஜவுளிக்கடை

பழைய ஜவுளிக்கடையில் விற்பவர் வெள்ளை வேட்டி சட்டையோடு விரிப்பில் உட்கார்ந்தே சேலை விரித்தார். பல மாடிக் கடைகள் வந்தபின் அவர் எழுந்து நின்றார். பெண்களுக்கு ஒரே நிறச் சேலை, ஆண்களுக்கு ஒரே நிறச் சட்டை. கூட்டத்தில் வாடிக்கையாளரையும் ஊழியரையும் பிரித்தறிய இது உதவுகிறது என்பது கடைக்காரர்களின் நியாயம். நாளெல்லாம் நூறு விதச் சேலைகளைத் தோளில் போட்டுக் காட்டும் பெண், தன் வயதுத் தோழிகள் அத்தனை பேரும் கட்டிய அதே சேலையில் நிற்பது இத்தொழிலின் விசித்திரம். ரங்கநாதன் தெருக் கடை ஊழியர்களின் வாழ்க்கையை வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ 2010இல் திரையில் காட்டியது.

நிற்கும் வேலைக்கு உடையைவிட முக்கியம் இருக்கை. கேரளம் 2018இல் கடை ஊழியர் உட்காருவதற்கான உரிமையைச் சட்டமாக்கியது. தமிழ்நாட்டில் 1947ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் இதே உரிமைக்காக 22-அ என்ற புதுப் பிரிவைச் சேர்க்கும் முன்வரைவை 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் கொண்டுவந்தவர் அப்போதைய தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வெ.கணேசன். அவர் வென்று வந்த திட்டக்குடித் தொகுதியில்தான் பெண்ணாடம் இருக்கிறது. சட்டம் நாற்காலியை மட்டுமே பேசுகிறது. சேலையின் நிறத்தை இன்றும் கடைதான் முடிவு செய்கிறது.